கர்நாடக அரசு முத்திரையைப் பார்க்கும் முறை

மைசூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். கர்நாடக அரசு முத்திரையை வரையச் சொன்னால் எல்லாரும் உச்சியிலுள்ள சிங்கங்களிலிருந்துதான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் படம் வந்துவிடும், கதை பிடிபடாது. நடுவிலிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள். நடுவிலும் பக்கவாட்டிலும் இருப்பவை பழைய மைசூர் அரச முத்திரையைச் சேர்ந்தவை. உச்சியும் அடி வாசகமும் குடியரசு தந்தவை.

நடுவில் நீலக் கரை போட்ட சிவப்புக் கேடயம், அதற்குள் வெள்ளை நிறத்தில் கண்டபேரண்டம் என்னும் புராணப் பறவை. ஓர் உடல், இரண்டு தலை, அலகுகள் எதிரெதிர்த் திசையில். நம் சங்கப் பாட்டிலும் இருதலைப் புள் வருகிறது, ஆனால் அங்கே அது தலைவியும் தோழியும் ஓருயிராக இருப்பதற்கு உவமை. இங்கே அதன் பொருள் வலிமை. எவ்வளவு வலிமை என்று தெரிய வேண்டுமானால் விஜயநகரத்து அச்சுததேவராயரின் காசைத் தேடிப் பாருங்கள்: பறவை அலகிலும் நகத்திலும் யானைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் முன்னால், சிவமொக்கா மாவட்டத்துப் பள்ளிகாவியில் 1047-ல் நிறுத்திய தூணில் இதே இரட்டைத் தலை மனித உடலோடு இருக்கிறது. மைசூரை ஆண்ட உடையார் மன்னர்கள் இதைத் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்டது பிற்காலத்தில்தான்.

அடுத்து, கேடயத்தின் இரு பக்கமும் நிற்கும் விலங்குகள். சிங்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உடம்பு சிங்கம்தான், மஞ்சள் நிறம், பிடரி சிவப்பு. முகத்தை மட்டும் கிட்டே பாருங்கள், தும்பிக்கை தெரியும். இதைச் சரபம் என்கிறார்கள். திருபுவனம் கோயிலில் பறவையும் சிங்கமும் கலந்த சிவவடிவமாக இருக்கும் சரபேஸ்வரரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நம் கோயில் தூண்களில் யானை முகத்தோடு எழும்பி நிற்கும் யாளியை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று விளங்கிவிடும். வரைகிறவர்கள் பிடரியை நெற்றியிலிருந்தே தொடங்கினால் யானை முகம் மறைந்துபோகும். காதுக்குப் பின்னால் தொடங்குங்கள். காலடியில் பச்சை இலைக்கொத்து, அது எளிது.

இப்போது மேலே வாருங்கள். உச்சியில் இருப்பது சாரநாத்திலுள்ள அசோகர் தூணின் சிங்கத் தலைப்பு, 1950 ஜனவரி 26 அன்று நாட்டின் சின்னமானது. கீழே தேவநாகரி எழுத்தில் ‘சத்யமேவ ஜயதே’, முண்டக உபநிடத வரி. பழைய அரசின் வாசகத்தை அறிய மைசூர் அரண்மனை வாசல் வளைவில் சின்னத்தைச் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள்: ‘ந பிபேதி கதாசன’. பிரம்மத்தின் ஆனந்தத்தை அறிந்தவன் எப்போதும் அஞ்சுவதில்லை என்று தைத்திரீய உபநிடதத்தில் வரும் இடம். ஓர் உபநிடத வரி போன இடத்தில் இன்னோர் உபநிடத வரி வந்திருக்கிறது. எனக்குப் பழைய வரிமேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன்.

மன்னராட்சி போன பிறகும் அவர்களுடைய பறவை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1956-ல் பம்பாய், ஹைதராபாத் பக்கத்துக் கன்னட மாவட்டங்கள் மைசூர் மாநிலத்தோடு வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதிக்கு உடையார்களோடு ஒட்டுறவே கிடையாது. 1973-ல் மாநிலத்தின் பெயரும் மைசூர் என்பதிலிருந்து கர்நாடகம் என்று மாறியது. இருந்தும் பறவை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அது சரிதான் என்பது என் கருத்து. பள்ளிகாவித் தூணும் விஜயநகரக் காசும் இருக்கும்போது இதை ஒரே குடும்பத்தின் சொத்தாக எப்படிச் சொல்வது?

பழகிப் பார்க்க மைசூர் பல்கலைக்கழகச் சின்னம் நல்ல இடம். 1916-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதே பறவை, அதே சரபங்கள், வாசகம் மட்டும் கீதையிலிருந்து. கர்நாடக அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸிலும் பறவை உண்டு, ஆகையால் ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றால்கூடப் பார்க்கலாம். அப்புறம் கேரள முத்திரையை எடுங்கள். நடுவில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துச் சங்கு, காவலுக்கு இரண்டு யானைகள், மேலே அதே அசோகச் சிங்கம். அதையும் சங்கிலிருந்தே தொடங்குங்கள்.