உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போதோ ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதோ, ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடலாமா?’ என்று திரை கேட்டால், வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

‘சரி’ என்றால், மாற்று விகிதத்தை அந்தக் கடையோ ஏடிஎம் நிறுவனமோ வைத்திருக்கும் சேவை முடிவு செய்யும். அவர்கள் லாபமும் அதிலேயே ஏறிவிடும். உள்ளூர் நாணயம் என்றால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்களின் விகிதம்தான். அது பெரும்பாலும் சந்தை விலையை ஒட்டியே இருக்கும். சில கடைகளில் நம்மைக் கேட்காமலே பட்டனை அழுத்திவிடுவார்கள், அதனால் பின் நம்பர் போடுமுன் தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.

உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு அதிகக் கட்டணம் பிடித்தால், இப்படி மிச்சமாகும் பணம் குறையலாம், அதனால் கிளம்புமுன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாக நோட்டு மாற்றுவதற்கு இது பொருந்தாது.