கொலைகாரனின் முகமூடி: புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திகில் குறும்படங்களுக்கு முகமூடி செய்துகொடுப்பது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கொண்டுவந்து காட்டும் முகமூடிகளில், ஆரம்பத்தில் நான் செய்த அதே கோளாறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. பெயின்ட் காயும் முன் தொடக் கூடாது, நடிகரின் தலை அளவு எடுக்காமல் அச்சு வார்க்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஒரு முறை பட்டால் தெரிந்துவிடும். பணத்தோடு படத்தையும் சேர்த்துக் கெடுக்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

முகமூடியிலேயே கோபத்தைச் செதுக்குவது

களிமண்ணைக் கையில் எடுத்ததும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் புருவத்தை நெரிப்பது. அடுத்து பல்லை வெளியே காட்டுவார்கள். அப்புறம் கன்னத்தில் மடிப்பு, நெற்றியில் தழும்பு. மேசைமேல் வைத்துப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். போட்டோ எடுத்தாலும் அருமையாக வரும். சிக்கல் கேமரா ஓடத் தொடங்கிய பிறகுதான்.

படத்தில் கொலைகாரன் எந்நேரமும் வெட்டிக்கொண்டே இருப்பதில்லை. நிற்கிறான், பார்க்கிறான், மெதுவாக நடக்கிறான், கதவுக்குப் பின்னால் காத்திருக்கிறான். அத்தனை நேரமும் அவன் முகம் மட்டும் உச்சக் கோபத்தில் உறைந்திருந்தால், உடல் ஒன்றைச் சொல்லும், முகம் வேறொன்றைச் சொல்லும். சில ஷாட்டுகளிலேயே பார்ப்பவர் அந்த முகத்தைப் படித்து முடித்துவிடுவார். அடுத்து இவன் என்ன செய்வான் என்று தெரியாததால்தான் பயம் வருகிறது. பல்லைக் கடிக்கும் முகம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் முகமூடி எப்படிப் பிறந்தது என்பதைப் பாருங்கள். கையில் பணம் குறைவு. கடையில் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் கிடைத்த ரப்பர் முகமூடி அது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க், அதாவது வில்லியம் ஷாட்னரின் முகம். கலை இயக்கத்தைக் கவனித்த டாமி லீ வாலஸ் அதன் கண் துளைகளைப் பெரிதாக்கினார், புருவத்தையும் கிருதாவையும் எடுத்தார், வெள்ளை அடித்தார். அவர் செய்ததில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்ததை நீக்கியதுதான். அந்த முகத்தில் தனி மனிதனின் அடையாளமாக இருந்ததெல்லாம் போய்விட்டது.

அதே படத்தில் ஓர் இளைஞனைக் கத்தியால் சுவரோடு குத்தி நிறுத்திய பிறகு, கொலைகாரன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்ப்பான். முகமூடிக்குள் இருந்தவர் நிக் காஸில். அந்தச் சாய்ப்பைத் தவிர வேறு எதுவும் அங்கே நடப்பதில்லை. ரசிக்கிறானா, புரியாமல் பார்க்கிறானா, எதுவுமே தோன்றாமல் நிற்கிறானா? பார்ப்பவர் தானாகவே ஒன்றை நிரப்பிக்கொள்கிறார். நெரித்த புருவத்தோடு அதே சாய்ப்பைச் செய்தால் மிரட்டல் மட்டும்தான் மிஞ்சும்.

ஜப்பானிய நோ நாடகக்காரர்கள் இதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அவர்களுடைய பெண் முகமூடிகளில் உணர்ச்சி பாதியில் நிறுத்தப்பட்டிருக்கும். சற்று மேலே தூக்கினால் முகம் மலரும். கீழே தாழ்த்தினால் துயரம் படியும். மரம் அதேதான், வெளிச்சம் விழும் கோணம்தான் மாறுகிறது.

ஒரு குறும்படக் குழு தங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கைக் கொட்டி ஒரு முகமூடி செய்து வாங்கியிருந்தது. செதுக்கியவருக்கு அபாரமான கை. மூக்கின் ஓரத்தில் சுருங்கிய தோல்கூட நிஜம் போலவே இருந்தது. வாய் அகலத் திறந்து, பல் முழுக்கத் தெரியும். வாயையாவது மூடிவிடுங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. கதையின் முக்கியமான காட்சியில், பெண் அடுக்களையில் தண்ணீர் குடிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே அவன் அசையாமல் நிற்கிறான். திரையிட்டபோது அந்த இடத்தில் பின்வரிசையில் சிரித்தார்கள். அமைதியான இரவில், யாரும் கேட்காத ஒரு கத்தலோடு ஒருவன் நின்றால் சிரிப்புதான் வரும். பிறகு அவன் சும்மா நிற்கும் ஷாட்டுகளையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். படத்தில் பயமுறுத்தக்கூடியதாக இருந்ததே அந்த ஷாட்டுகள்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த உழைப்பில் பாதி போதும், நல்ல முகமூடி கிடைத்திருக்கும். அதற்குப் பிறகும் வேறு குழுக்கள் அதே பல்லோடு வந்து நிற்கின்றன.

அப்படியென்றால் முகமூடியில் உணர்ச்சியே இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தின் முகமூடி வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதில் கோபம் கிடையாது. கண்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. அலறலா, அழுகையா என்று சொல்ல முடியாது. கொல்லப்படுபவரின் முகத்தைக் கொல்பவன் அணிந்திருக்கிறான். 1974இல் வந்த ‘டெக்ஸாஸ் செயின் சா மாசகர்’ வேறு வழியில் போனது. அதில் கொலைகாரன் லெதர்ஃபேஸுக்கு மூன்று முகமூடிகள்; கொலைக்கு ஒன்று, கிழவி முகம் ஒன்று, இரவு விருந்துக்கு மேக்கப் போட்ட பெண் முகம் ஒன்று. உணர்ச்சி வேண்டும் என்றால் இந்த அளவுக்கு யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

அச்சு எடுக்கும் முன் ஒரு சோதனை. களிமண் முகத்தைச் சுழலும் பலகைமேல் வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பிறகு மேலிருந்து, பிறகு தாடைக்குக் கீழிருந்து. பலகையை மெல்லத் திருப்புங்கள். ஒவ்வொரு கோணத்திலும் முகம் கொஞ்சமாவது மாற வேண்டும். எல்லாக் கோணத்திலும் ஒரே முகம் தெரிந்தால் புருவத்தையும் வாயோரத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் துல்லியமாக ஒன்றுபோலச் செய்ய வேண்டாம்; மெல்லிய வேறுபாடு இருந்தால் தலை திரும்பும்போது முகம் உயிர் பெறும். ஒளிப்பதிவாளரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான மடிப்புகள் இருட்டில் நிழல்களாகச் சிதறி, முகமே அடையாளம் தெரியாமல் போகும். வெளிறிய, வழவழப்பான முகம் தூரத்து இருட்டிலும் தெரியும்.

கண்ணைப் பாதி காட்டுவது

கண் தெரிய வேண்டுமா, வெறும் கருங்குழி தெரிய வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டும் இல்லாமல், துளை வழியே நடிகரின் கண்ணைச் சுற்றிய தோல் குளோசப்பில் தெரிந்தால் அது ரப்பர்தான் என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். கண் தெரிய வேண்டும் என்றால் இமையைச் சுற்றிக் கறுப்பு மேக்கப்பை நன்றாகப் பரப்புங்கள். குழி வேண்டும் என்றால் உள்ளே கறுப்பு வலைத்துணி ஒட்டுங்கள். ஆனால் வலைத்துணி ஒட்டினால் நடிகருக்குப் பார்வை மிகவும் குறைந்துபோகும். முகமூடியோடு படியில் ஓடச் சொல்லாதீர்கள். நிஜக் கத்தி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. கையைப் பிடித்து அழைத்துப்போக ஓர் ஆளை நியமியுங்கள்.

மூச்சுத் துளையை மறப்பது

தாடைக்கு அடியில் போடுங்கள், கேமராவுக்குத் தெரியாது.

பளபளப்பு

பவுடர் போடுங்கள்.

கந்தகம் கலந்த களிமண்

சிலிக்கானில் அச்சு எடுக்கப்போகிறீர்கள் என்றால் களிமண் பொட்டலத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிளாட்டினம் வகைச் சிலிக்கான் கந்தகம் பட்டால் இறுகாது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று நின்றுவிடும். சிலையும் போச்சு, சிலிக்கானும் போச்சு. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதென்றால் பிளாஸ்டர் அச்சில் லேடெக்ஸ் என்ற திரவ ரப்பரை ஊற்றுங்கள். கந்தகத்தால் அதற்குச் சிக்கல் இல்லை.

புகழ்பெற்ற முகமூடியைத் தழுவுவது

ஹாக்கி முகமூடியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் வருகிறார்கள். ‘ஃப்ரைடே தி தர்டீன்த்’ பட வரிசையில் அது 1982இல், மூன்றாம் படத்தில்தான் வந்தது. 1980இல் வந்த முதல் படத்தில் கொலைகாரி, பின்னால் வரும் கொலைகாரனான ஜேசனின் தாய். 1981இல் ஜேசன் தலையில் வெறும் சாக்குத்துணி. விளையாட்டில் முகத்தைக் காக்கும் ஒரு பொருள் கொலைகாரனிடம் போய்ச் சேர்ந்த அந்த இடமாற்றம்தான் அதன் பலம். இன்று அதை யார் போட்டாலும் ஜேசன்தான் நினைவுக்கு வருவான். உரிமைச் சிக்கலும் உண்டு: ‘ஸ்க்ரீம்’ குழுவே தாங்கள் கண்டெடுத்த முகமூடிக்கு அதைத் தயாரித்த ஃபன் வேர்ல்ட் நிறுவனத்திடம் அனுமதி வாங்கித்தான் படமெடுத்தது.

ஒரே ஒரு பிரதி

குறைந்தது இரண்டு வார்த்தெடுங்கள்: ஒன்று குளோசப்புக்கு, மற்றது சண்டைக்கும் மழைக்கும். லேடெக்ஸ் கண் துளையின் ஓரத்தில்தான் முதலில் கிழியும். உள்பக்கம் மெல்லிய துணி வைத்து லேடெக்ஸ் பூசினால் தாங்கும். எண்ணெய்ப் பசையும் வெயிலும் அதற்கு ஆகாது. படப்பிடிப்பு முடியும்வரை அச்சை உடைக்காதீர்கள்.