புழுக்கத்தில் சாகும் கோழிகள்: குமரி மாவட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், என் கொட்டகையில் நான்கு கோழிகள் செத்துக் கிடந்தன. நான்கும் கொழுத்த முட்டைக்கோழிகள். தூணில் தொங்கிய வெப்பமானி 34 டிகிரிதான் காட்டியது. நாமக்கல்லில் 39 டிகிரியிலும் கோழி வளர்க்கிறார்கள்; இங்கே 34-க்கே சாகுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான், கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இரைப்பதைப் பார்த்து, கைத்தெளிப்பானில் கொட்டகை முழுவதும் தண்ணீரைப் புகைபோல அடித்துவிட்டு வந்திருந்தேன். (வாழைக்கு மருந்தடிக்க வாங்கி, ஒருமுறைகூட மருந்து ஊற்றாத தெளிப்பான் அது. அதனால் சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.) மேற்கு வெயில் உள்ளே விழாதிருக்க நீலத் தார்ப்பாயையும் இழுத்துக் கட்டியிருந்தேன். நான் செய்த இந்த இரண்டு உபகாரங்களும்தான் அவற்றைக் கொன்றன.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41, 42 டிகிரி. கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியே கொஞ்சம் சூட்டை வெளியே விடும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கும். காற்று 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் மூச்சிரைப்பு ஒன்றுதான் வழி. இயல்பாக நிமிடத்துக்கு 25 முறை போல விடும் மூச்சு 150-ஐயும் தாண்டிவிடும். அந்த மூச்சில் தொண்டையின் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூடும் கூடவே போகும். ஆனால் ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். பங்குனியில் ஆரல்வாய்மொழியில் காயப்போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். அதே வேட்டியைக் குழித்துறையில் கொடியில் போட்டால் மாலையிலும் ஓரம் ஈரமாக இருக்கும். கோழியின் தொண்டையும் அந்த வேட்டியைப் போலத்தான். நான் அடித்த தண்ணீர் காற்றில் மிச்சமிருந்த இடத்தையும் நிரப்பிவிட்டது. தார்ப்பாய் அந்த ஈரக்காற்றை வெளியேற விடாமல் அடைத்தது.

வறண்ட மாவட்டங்களின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்வது நம்மிடம் பரவலாக இருக்கும் தவறு. தண்ணீர்ப் புகை அடிக்கும் குழாய் அங்கே நன்றாக வேலை செய்யும். தோவாளைப் பக்கம் காற்று ஓடும் நாளில் இங்கும் ஓரளவு செய்யும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில், நாலு புறமும் தென்னையும் ரப்பரும் சூழ்ந்த விளைக்குள், காற்றசைவு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. தண்ணீர் அடித்தே தீர வேண்டுமென்றால் கூரையின் மேல் அடியுங்கள். தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்பி அதை நனைத்தால் உள்ளே சூடு இறங்குவது குறையும். வழியும் தண்ணீர் சுவருக்கு வெளியே போய்விட வேண்டும். கொட்டகைக்குள் வேண்டியது காற்றோட்டம். மின்விசிறியைக் கோழி நிற்கும் உயரத்தில், நீளவாக்கில் காற்று ஓடும்படி வையுங்கள். உத்தரத்தில் மாட்டிய விசிறி மேலே இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றிக் கலக்கும்.

நிழல் இருந்தால் போதும் என்று ரப்பர் தோட்டத்துக்குள் கொட்டகை போடுகிறவர்கள் பலர். மாசிக்குள் இலை உதிர்ந்து, பங்குனியில் புதுத்தழை மூடிவிட்டால், அடியில் நிழல் இருக்கும், காற்று இருக்காது. தோட்டத்தின் ஓரத்தில், காற்று வரும் திசையைப் பார்த்துப் போடுவது நல்லது. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். பக்கச்சுவர் ஓரடி போதும். அதற்கு மேல் கம்பிவலை. தென்னைக்கு நேர் அடியில் கூடு வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை. என் உறவினர் வீட்டில் ஒரு சேவல் நெற்று விழுந்து செத்தது. அன்று வெயில்கூட இல்லை.

இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பகலில் விளையெல்லாம் சுற்றித் திரியும் நாட்டுக்கோழி, நிழலும் ஈரமண்ணும் பார்த்துத் தானே ஒதுங்கிக்கொள்ளும். நாம்தான் மாலை ஆறரைக்குப் பத்துப் பன்னிரண்டு கோழிகளை ஒரு பலகைப் பெட்டிக்குள் தள்ளி, மரநாய்க்குப் பயந்து, சந்து பொந்தையெல்லாம் சாக்கால் அடைத்துத் தாழ்ப்பாள் போடுகிறோம். பகலில் வாங்கிய சூட்டை இறக்கி வைக்கக் கோழிக்குக் கிடைக்கும் நேரமே இரவுதான். காலையில் கதவைத் திறந்ததும் வாயைத் திறந்தபடி வெளியே வந்தால், கூட்டுக்குள் இரவு முழுவதும் புழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். என் அடுத்த விளை மாமியிடம் மரநாய்க் கதையைச் சொன்னபோது அவர், “மக்கா, நீ ஒரு ராத்திரி ஜன்னலை அடைத்துக்கொண்டு பத்துப் பேரோடு படுத்துப் பார்” என்றார். அந்த வாரமே இரண்டு பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலையை இரட்டையாக அடித்தேன். இரண்டு வலைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் மரநாயின் நகம் கோழிக்கு எட்டாது. பாம்பும் நுழைய முடியாது. கான்கிரீட் கூடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பகல் முழுவதும் குடித்த சூட்டை அது நடு இரவு வரை கக்கிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வெந்நீர் வைப்பதும் நடக்கிறது. மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து வெயிலில் கிடக்கும் குழாய் வழியே வரும் தண்ணீரில் மதியம் கையை விட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் கோழி குடிக்காது. அலகை நனைத்துவிட்டு நகர்ந்துவிடும். சாதாரண நாளில் தின்னும் தீவனத்தைப்போல் இரு மடங்கு எடை தண்ணீர் குடிக்கும் கோழி, வெயில் நாளில் நான்கு மடங்குகூடக் குடிக்கும். கிணற்றுத் தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி, நிழலில், நாலைந்து இடங்களில் வையுங்கள். ஒரே சட்டி என்றால் பெரிய கோழி மறித்துக்கொண்டு நிற்கும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மாற்றி ஊற்றினால் போதும். வைட்டமின் சி கலந்த தண்ணீரையோ மோரையோ தகரப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். புளிப்பு பட்டால் பூச்சிலிருக்கும் துத்தநாகம் கரையும்.

மதியத்தில் வயிறு நிறையத் தீனி போடுவது அன்பால் வரும் தவறு. தின்றது செரிக்கும்போது உடம்புக்குள் சூடு உண்டாகும். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். பதினொரு மணிக்குப் போட்ட தீனியின் சூடும் மூன்று மணி வெயிலும் ஒன்றாக வந்து சேரும். விடியற்காலையிலும் வெயில் தணிந்த பிறகும் போடுங்கள். இடையில் கீரையோ வெள்ளரியோ போதும். கம்பு சூடு, கேழ்வரகு குளிர்ச்சி என்ற வாதத்துக்குள் நான் போவதில்லை. எதைப் போடுகிறோம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதே என் கொட்டகையில் வித்தியாசம் காட்டியது.

வெயிலில் கோழி குறைவாகத் தின்னும் என்பதால் தின்னும் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. மிஞ்சிய மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளி) சோற்றையும் போட்டு வயிற்றை அடைத்துவிடுகிறோம். இரண்டிலும் பெரும்பாலும் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. சரி, மீனில் புரதம் இருக்கிறதே என்று கருவாட்டுத் தலையைப் போடுகிறவர்களும் உண்டு. அதிலிருக்கும் உப்பு எச்சத்தைத் தண்ணீராக்கும், தரையில் பரப்பிய கூளம் நனையும். உப்பில்லாத மீன் கழிவை வேகவைத்துப் போடலாம். சாக்குத் தீவனத்தை மாதக்கணக்கில் வாங்கிச் சுவரோரம் தரையில் அடுக்குவதும் இங்கே ஆகாது. நம் ஊர் ஈரத்தில் அடிச்சாக்கு பூசணம் பிடித்துவிடும். பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள்.

முட்டை ஓடு மெலிந்துபோனால் தீவனக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மூச்சிரைப்பில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தத்தின் தன்மை மாறி, ஓடு கட்டும் கால்சியம் குறைகிறது. கிளிஞ்சல் நொறுங்கலை மாலையில் தனித்தட்டில் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில்தான். ஆனால் புழுக்கம் தணியாமல் கிளிஞ்சல் மட்டும் எவ்வளவு போட்டாலும் ஓடு தடிக்காது.

ஆழ்கூளத்தில், அதாவது தரையில் கூளத்தைக் கனமாகப் பரப்பி, வளர்ப்பவர்கள் வெயில் காலத்தில் கூளத்தை இரண்டு அங்குலமாகக் குறைத்துவிடலாம். தென்னை நார்க்கழிவு நம் மாவட்டத்தில் மலிவு; அது தண்ணீரைக் குடித்தால் விடாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. நின்றபடி முகர்ந்தால் நெடி தெரியாது. குத்தவைத்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் முகருங்கள். கண் எரிந்தால் அன்றே கிளறிக் காயவிடுங்கள். ஈரக் கூளத்தில் ரத்தக் கழிச்சல் வரும், அதிலும் குஞ்சுகளுக்கு.

சுருண்டு விழுந்த கோழியைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிர்ச்சியிலேயே போய்விடும். நிழலில், காற்றடிக்கும் இடத்தில் வைத்து, காலையும் கொண்டையையும் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரால் நனைத்தால் போதும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். சூட்டோடு அதிர்ச்சியும் சேர்ந்தால் தாங்காது என்பதால்தான் நடுப்பகலில் கோழி பிடிப்பதும் கூடாது. வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் விடியுமுன் பிடியுங்கள். காலைக் கட்டி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் வழக்கத்தைப் பற்றி நான் இங்கே எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இரைக்கும் கோழியெல்லாம் வெயிலால் இரைப்பதும் இல்லை. வெயிலால் இரைத்தால் வெயில் தணிந்ததும் நின்றுவிடும். கூட்டில் காற்றோட்டம் இருந்தும் இரவிலும் இரைப்பு, பச்சையும் வெள்ளையுமாக எச்சம், கழுத்து முறுக்கல் என்று தெரிந்தால் அது வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கக்கூடும். தனியாகப் பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமைத் தவறவிட்டுவிட்டுச் சித்திரையில் ஓடி என்ன செய்வது? புழுக்கத்தில் தளர்ந்து நிற்கும் கோழியின் உடம்பில் ஊசி சரியாகப் பிடிக்காது. போட்டே ஆக வேண்டுமென்றால் அதிகாலையில் போட வேண்டும்.

வைகாசியில் மழை இறங்கியதும் எல்லோரும் மூச்சு விட்டுவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிடுகிறார்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், நனைந்த தரையிலிருந்து எழும் ஆவியோடு, கொட்டகை இட்லிச் சட்டியாகிவிடும். நான் இப்போது தார்ப்பாய்க்குப் பதிலாகக் கூரையையே இரண்டடி வெளியே நீட்டிவிட்டேன். பழைய நீலத் தார்ப்பாய் விறகுக் குவியலின் மேல் கிடக்கிறது. அதன் நிழலில்தான் மதியம் இரண்டு பெட்டைகள் மண்ணைப் பறித்துக்கொண்டு படுத்திருக்கின்றன.