தமிழ் எழுத்தை வெட்டாதீர்கள்: எலக்ட்ரானிக் கலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் மாணவர்களுக்கு டிஜிட்டல் கலை சொல்லித்தருவது என் வேலை. பாதி நாள் விடைத்தாளிலும் வருகைப் பதிவேட்டிலும் போய்விடும். மீதி நாள் அறுந்த வயரைத் தேடுவதில் போகும். செமஸ்டர் கடைசியில் கண்காட்சி வந்தால், எங்கள் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துகளை இவர்களும் அடிக்கிறார்கள். சார்ஜரை மறப்பது, ஃபைலைச் சேமிக்காதது எல்லாம் ஒரு தடவை பட்டால் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழ் எழுத்தைக் கணினிக் கணக்கில் வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மாணவி, கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வெள்ளைச் சுவரில் ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாக உதிர்கிற மாதிரி புரொஜெக்ஷன் செய்தார். லேபில் ஆங்கில எழுத்துகளை வைத்து ஓட்டிப் பார்த்தார், அருமையாக ஓடியது. மாலையில், நாள் வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரைப் போட்டு, தமிழை மாற்றி வைத்தால், சுவரெங்கும் புள்ளிகளாலான வட்டத்தைக் கட்டிக்கொண்டு கொம்பும் கொக்கியும் தனித்தனியாக விழுகின்றன. நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, கொம்பு மட்டும் விழுதே, எழுத்து எங்க?" என்றார். அன்றைய வாடகை போனது போனதுதான்.

காரணம் எளிது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'புதுச்சேரி' என்பது 10 குறியீடுகள். நமக்கு அது 5 எழுத்து. ப, அதன் உகரக் குறி, த, அதன் உகரக் குறி என்று வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. நிரலில் ஒவ்வொரு குறியீடாகப் பிரித்தால் பத்துத் துண்டு வரும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு குறியீடு என்பதால் யூடியூப் பாடங்களில் இந்தச் சிக்கலே தலைகாட்டாது. தட்டச்சு செய்வது போன்ற அனிமேஷனிலும் இதே கோளாறுதான்: 'சே' வரும்போது முதலில் ச வந்து நிற்கும், அப்புறம் கொம்பு இடதுபுறம் நுழைந்து ச-வை வலதுபுறம் தள்ளிவிடும். பார்க்கிறவர் கண்ணுக்கு எழுத்து துள்ளும்.

பிரவுசரில் வேலை செய்தால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் இன்ட்ல் தொகுப்பில் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது. மொழியைத் தமிழ் என்றும், அலகை கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது) என்றும் கொடுத்துப் பிரித்தால் 5 எழுத்தும் முழுசாக வரும். குரோமில் 2020-லிருந்தே உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. ஆனால் க்ஷ, ஸ்ரீ இரண்டையும் அதுவும் இரண்டாகப் பிளந்துவிடும். இந்த இரண்டுக்கும் நீங்களே தனி விதி எழுத வேண்டும். இதையெல்லாம் லேபிலேயே, காட்டப்போகிற அதே வரியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

யூஎஸ்பியிலிருந்தே விளக்கெரிப்பது

டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப்பில் (விளக்குக்கு விளக்கு நிறம் மாற்றக்கூடிய எல்.இ.டி. பட்டை) ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 60 விளக்கு என்றால் 3.6 ஆம்பியர். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். ஸ்ட்ரிப்பின் கடைசிப் பக்கம் வெள்ளை மங்கிச் சிவப்பாகத் தெரிந்தால், நிரலைத் திருத்தாதீர்கள். தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள். அதன் கிரவுண்டையும் (மைனஸ் முனை), விளக்கை இயக்கும் ஆர்டுயினோ போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள்.

வெர்ஷனைக் குறித்து வைக்காதது

பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளை அடோபி 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. அடுத்த ஜனவரி 12 முதல் பிளேயரே படைப்புகளைத் திறக்க மறுத்தது. ஒரு தலைமுறையின் இணையக் கலை அதிலே மாட்டிக்கொண்டது. ரஃபிள் என்ற எமுலேட்டர் (பழைய மென்பொருளைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்) அதில் ஒரு பகுதியைத் திறக்கிறது. நம் ஊர் செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு நிறுவனம் வைத்திருக்கும் சைவ ஓலைச்சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. மூன்றாம் வருட மாணவனின் முதல் வருடப் படைப்பு கிடைப்பதில்லை! மென்பொருள், நிரலில் சேர்த்த லைப்ரரிகளின் வெர்ஷன், சென்சாருக்கு வைத்த எண்கள், ஃபான்ட் ஃபைல் நான்கும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும்.

உப்புக்காற்று

கடலோரத்தில் திறந்த சர்க்யூட் போர்டை ராத்திரி முழுக்க விட்டு வைக்காதீர்கள்.

திறப்பு நாளில் வீடியோ எடுக்கலாம் என்று இருப்பது

நேரம் கிடைக்காது. முந்தின நாளே எடுங்கள், ஒரு ஆள் குறுக்கே நடந்து போகிற மாதிரி.