டிப்ரீஃபிங் மதிப்பீட்டுப் படிவத்தைத் தமிழாக்கிச் சரிபார்க்கும் முறை

பாஸ்டனில் உள்ள மருத்துவ சிமுலேஷன் மையம் உருவாக்கிய டாஷ் (DASH) படிவம், உண்மைச் சூழலைப் போலச் செய்து பழகும் சிமுலேஷன் பயிற்சியை ஒட்டி, நடந்ததைத் திரும்பிப் பார்க்க ஆசிரியர் நடத்தும் டிப்ரீஃபிங் உரையாடலின் தரத்தை 6 கூறுகளில், 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டு அளக்கிறது. அதில் மாணவர்கள் நிரப்பும் வடிவத்தைச் செவிலியர் கல்விக்காகத் தமிழாக்க விரும்புவோர், முதலில் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.

சிமுலேஷன் அறிந்த செவிலிய ஆசிரியர் ஒருவரும் அத்துறை சாராத ஒருவரும் தனித்தனியே மொழிபெயர்க்க, இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வடிவமாக்கியபின், மூலத்தைப் பார்த்திராத ஒருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். அது மூலத்தோடு பொருந்தியதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடக் கூடாது. ஐந்தாம் கூறு, மாணவர் செய்ததற்கும் செய்திருக்க வேண்டியதற்கும் உள்ள இடைவெளியை ஆராய்வது பற்றியது. அதைக் ‘குறைகளைக் கண்டறிந்து விசாரித்தார்’ என்று எழுதினால், ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது பிழை எளிதில் பிடிபடாது; ஆனால் மருந்தின் அளவைத் தவறாகக் கணக்கிட்ட மாணவியின் காதில் ‘விசாரித்தார்’ என்பது தண்டனைக்கு முந்தைய விசாரணையாகவே ஒலிக்கும். ஆகவே சில மாணவர்களை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்துத் தமக்குப் புரிந்ததைச் சொந்தச் சொற்களில் சொல்லச் செய்ய வேண்டும். இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து வல்லுநர்கள், ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு பொருத்தமானது என்று 4 புள்ளி அளவில் குறிக்கட்டும். ஆறு பேரில் ஐவர் 3 அல்லது 4 அளித்தால், அப்படி அளித்தோரின் பங்கான உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு 0.83, வழக்கமான எல்லையான 0.78ஐ அது தாண்டுகிறது. நால்வர் மட்டுமே அளித்தால் 0.67தான், அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

நம்பகத்தன்மைக்கு, வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.70க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆனால் 80 மாணவர்கள் நிரப்பினார்கள் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். எட்டு எட்டுப் பேராக அமர்ந்திருந்தால், அளக்கப்பட்டவை 10 டிப்ரீஃபிங்குகளே. ஒரே உரையாடலில் இருந்தோரின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், பல ஆசிரியர்களின் பல அமர்வுகளிலிருந்து தரவு திரட்டி, பகுப்பாய்விலும் அந்தக் குழு அமைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். படிவத்தைப் பாடம் நடத்திய ஆசிரியரே வாங்கினால் எல்லாக் கட்டத்திலும் 7 விழ வாய்ப்புண்டு. பெயரில்லாமல், வேறொருவர் சேகரிக்கட்டும்.

கடைசியாக, சிறப்பாகவும் சுமாராகவும் மோசமாகவும் நடத்தப்பட்ட மூன்று டிப்ரீஃபிங் காணொளிகளைக் காட்டி மதிப்பெண் இடச் சொல்லுங்கள். மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வந்தால், மறுபடி வாக்கியங்களிடமே திரும்ப வேண்டும்.