பெட்டியின் அளவைப் பார்க்காதீர்கள், வாட் அவர் (Wh) எண்ணைப் பாருங்கள்

நான் மின்சார வேலை பார்ப்பவன். அதனால் "எந்த பவர் ஸ்டேஷன் வாங்கலாம்?" என்று, அதாவது முகாமுக்கும் மின்வெட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகிற பேட்டரிப் பெட்டியைப் பற்றி, யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் எதை, எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மனதுக்குள் ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள்.

அந்தக் கொட்டை எழுத்து எண் பல நேரங்களில் வாட். ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் வாட் அவர் (Wh, அதாவது வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள். 1000 வாட் அவர் பெட்டியில் 50 வாட் சாதனத்தை ஓட்டினால் காகிதக் கணக்குப்படி 20 மணி நேரம் வரும். ஆனால் பேட்டரியின் டி.சி மின்சாரத்தை வீட்டு ஏ.சி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாகப் போகும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதனால் நான் 85 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பேன். அதாவது 17 மணி நேரம்.

சரி, உங்கள் தேவையைக் கூட்டிப் பாருங்கள். ஒரு போனை முழுதாக ஏற்ற ஏறக்குறைய 20 வாட் அவர். மடிக்கணினிக்கு 50 முதல் 70. 5 வாட் எல்.இ.டி விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 25. இன்டர்நெட் ரூட்டர் 10 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 100. இரண்டு பேர் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க, போனுக்கும் விளக்குக்கும் சேர்த்து 150 வாட் அவரைத் தாண்டுவது கடினம். 300 வாட் அவர் பெட்டி ஒன்று தாராளம். அதற்கு மேல் வாங்கினால் முதுகுதான் வலிக்கும்.

கணக்கைக் கெடுப்பது சூடாக்கும் சாமான்கள். என் மச்சான் ஒரு முறை முகாமுக்கு மின்கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 87 வாட் அவர் வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி கெட்டிலாக இருந்தாலும் குறையாது. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் நூறைத் தொட்டுவிடும். அதே மின்சாரத்தில் அந்த 5 வாட் விளக்கு மூன்று இரவுக்கு மேல் எரியும். தண்ணீர் கொதிக்க வைக்க கேஸ் அடுப்பு இருக்கிறது, ஆனால் அதைக் கூடாரத்துக்கு வெளியே வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டரும் அப்படித்தான், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். கூடாரத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் வைத்து ஓட்டலாம் என்பதுதான் பேட்டரிப் பெட்டியின் பெரிய வசதி.

மின்வெட்டுக்காக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என் அப்பா தூங்கும்போது சிபாப் (CPAP) எந்திரம், அதாவது மூச்சு தடைபடாமல் காற்றைத் தள்ளும் கருவி, போடுகிறவர். ஈரப்பதமூட்டியின் சூடேற்றியை அணைத்து, பிளக்கில் வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 25 வாட் அளவில்தான் காட்டியது. எட்டு மணி நேரத்துக்கு 200 வாட் அவர். சூடேற்றியைப் போட்டால் இது மளமளவென்று ஏறும். இங்கே இன்னொரு விஷயம். பவர் ஸ்டேஷனின் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10 வாட் போல தின்னும், சிலவற்றில் அதற்கும் மேல். இரவு முழுக்க என்றால் 80 வாட் அவர் வெறுமனே போய்விடும். எந்திரத் தயாரிப்பாளர் விற்கும் டி.சி அடாப்டரை வாங்கி 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டினேன், இன்வெர்ட்டரே வேண்டியதில்லை, அந்தச் செலவு மிச்சம். மடிக்கணினிக்கும் இதே யோசனைதான்: முடிந்தால் யு.எஸ்.பி சி வழியாக நேராக ஏற்றுங்கள். வீட்டில் இப்படி மருத்துவ எந்திரம் இருந்தால் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் ஓட்ட நினைப்பவர்கள் அதன் லேபிளில் உள்ள வாட்டை நம்பி இறங்க வேண்டாம். கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். பெட்டியின் உச்ச வாட் அதைத் தாங்காவிட்டால் படக்கென்று அணைந்துவிடும். வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்பதையும் பாருங்கள், இல்லையென்றால் மோட்டார்கள் முனகிச் சூடாகும். அப்புறம், பெட்டியிலிருந்து ஒயர் இழுத்துச் சுவர் பிளக்கில் குத்தி வீடு முழுக்க மின்சாரம் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கும் போகும், அங்கே ஏறி வேலை பார்ப்பவரின் உயிர் போகும்.

உள்ளே என்ன பேட்டரி? எனக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான் பிடிக்கும். கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி (NMC) வகை லித்தியம் பேட்டரி எடை குறைவாக இருக்கும், ஆயுளும் குறைவு. நடந்து போகிறவருக்கு என்.எம்.சி சரி. காரில் போகிறவரும் வீட்டில் வைப்பவரும் யோசிக்கவே வேண்டாம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான்.

பவர் பேங்கில் ஒரு எண் விளையாட்டு உண்டு. 20,000 எம்.ஏ.ஹெச் (mAh, மில்லி ஆம்பியர் அவர்) என்பது உள்ளிருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் அவர். 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 13,000 எம்.ஏ.ஹெச் கிடைத்தால் நல்ல சரக்கு. இன்னொரு எரிச்சல்: மிகச் சின்ன விளக்கை மாட்டினால் பல பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அதை வாங்கிய அன்றே மாட்டிப் பாருங்கள்.

சோலார் பேனலில் 100 வாட் என்று போட்டிருந்தால் நல்ல வெயிலில் 70 வந்தால் சந்தோஷம். ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலே பாதிக்கு மேல் விழுந்துவிடலாம். பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட் (Voc, எதையும் மாட்டாதபோது வரும் வோல்ட்), பெட்டி ஏற்கும் அளவைத் தாண்டக் கூடாது. குளிரில் அது இன்னும் ஏறும், அதனால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை ஓட்டலாம், ஏற்றக் கூடாது, உள்ளே லித்தியம் படிந்து கெட்டுவிடும். மூடிய காரில் வெயிலிலும் விட வேண்டாம். நெடுநாள் வைப்பதற்குப் பாதி சார்ஜ் நல்லது என்பார்கள். ஆனால் அவசரத்துக்கென்று வாங்கியதை நான் 80 சதவீதத்தில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். உப்பியிருந்தால் ஏற்ற முயல வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். 100 வாட் அவர் வரை பொதுவாகச் சிக்கல் இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணியாகக் கொண்டுபோக முடியாது. பெரிய பெட்டியைப் போய்ச் சேரும் ஊரில் வாடகைக்கு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.