காசிமேட்டில் புதுசாக ஒரு மீன் கண்ணில் பட்டால்

அதைப் பதிவு செய்ய முதலில் வேண்டியது படம். மீன் செத்ததும் நிறம் மங்கத் தொடங்கிவிடும், ஐஸில் போட்டால் இன்னும் மாறும். இடப்பக்கம் தெரியப் படுக்கவைத்து, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள்.

அடுத்து, வலை விட்ட இடம். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'காசிமேடு' என்று எழுதினால் அது ஏலம் போன இடம்தான். விசைப்படகு ஆந்திரக் கரையோரம்கூடப் போய் வந்திருக்கலாம். எந்தத் திசை, எத்தனை பாகம் ஆழம், என்ன வலை என்று படகுக்காரரிடமே கேளுங்கள். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். ஜிபிஎஸ் கருவியில் இடம் பதிவாகியிருந்தால் அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி என்றால் வேறு கவனம் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் சிப்பி சேற்றின் மேல் கம்பளம்போல் படர்ந்து, அங்கே சேற்றில் வாழும் மஞ்ச மட்டி என்ற சிப்பியை மூச்சுமுட்ட வைக்கிறது. நிறத்தை நம்பாதீர்கள்: கறுப்பு, பழுப்பு, பச்சை எல்லாம் உண்டு. ஓட்டின் உட்புறத்தையும் படமெடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரச் சட்டகம் வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணினால், அடுத்த வருஷம் ஒப்பிடலாம். எங்கே இல்லை என்பதையும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

மாதிரியை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். சீட்டைப் பென்சிலால் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துபோகும். கடல்குதிரை, திமிங்கலச் சுறா போன்றவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அவற்றுக்குப் படம் மட்டும் போதும்.